மாசச் செலவ ஏஐ வச்சு ஷீட்ல பிரிக்கறது எப்படி, நான் பண்ற முறை

எங்க வீட்டு கணக்கு நான் தான் பாக்கறேன். முன்னாடி ஒரு டைரி போதும், பால், மளிகை, வாடகைன்னு நாளைக்கு மூணு நாலு வரி எழுதுனா முடிஞ்சுது. இப்ப டீக்கடைல 15 ரூபா கூட யூபிஐல தான் போகுது, ஒரு மாச ஸ்டேட்மென்ட்ட எறக்கிப் பாத்தா 143 வரி, அதுல பாதிக்கு மேல ஏதோ ஒரு ஆளு பேரு, அவரு காய்காரரா ஆட்டோக்காரரான்னு ஞாபகம் வரவே நேரமாகுது. இத ஏஐ கிட்ட குடுத்து பிரிக்கலாம், நல்லாவே பிரிக்கும், ஆனா முழு ஸ்டேட்மென்ட்டயும் தூக்கிப் போட்டு "பிரிச்சு மொத்தம் சொல்லு"ன்னு மட்டும் கேக்காதீங்க. முதல் தடவ நான் அப்படித்தான் கேட்டேன். அழகா ஒரு டேபிள் வந்துச்சு, ஸ்டேட்மென்ட் மொத்தத்தோட ஒப்பிட்டா 2,860 ரூபா இடிக்குது, வரிய எண்ணுனா 139 தான் இருக்கு. நாலு வரிய விட்டுட்டு ஒரு வார்த்த சொல்லாம மொத்தம் போட்டு வச்சிருக்கு.

அதுல இருந்து என் வழக்கம் இது தான்: இந்தப் பேரு என்ன கடையா இருக்கும்னு யோசிச்சு சொல்றது ஏஐ வேல, கூட்டறது கழிக்கறது ஷீட் வேல. ரெண்டையும் கலக்கறதே இல்ல.

ஸ்டேட்மென்ட்ட ஷீட்ல ஏத்தறது

நெட் பேங்கிங்ல ஸ்டேட்மென்ட் எடுக்கும்போது பிடிஎஃப் வேணாம், எக்ஸெல் இல்லன்னா சிஎஸ்வின்னு இருக்கும், அத எடுங்க. பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணா ஒரு வரி ரெண்டா ஒடஞ்சு பணம் ஒரு பக்கம் பேரு ஒரு பக்கம்னு போயிடும். கூகுள் ஷீட்ஸ்ல ஏத்துனதும் அந்த டேப்புக்கு "ஒரிஜினல்"னு பேரு வச்சு அப்படியே விட்டுடுங்க, அதுல கைய வைக்கவே கூடாது. அத டூப்ளிகேட் பண்ணி இன்னொரு டேப்ல வேல பாருங்க. அதுல மேல இருக்கற அட்ரஸ், அக்கவுன்ட் நம்பர் வரிய எல்லாம் அழிச்சிட்டு, முதல் காலம்ல 1, 2, 3ன்னு வரிசை நம்பர் போட்டுடுங்க, பின்னாடி எந்த வரி காணாம போச்சுன்னு காட்டிக் குடுக்கப் போறது இந்த நம்பர் தான்.

தேதில ஒரு வில்லங்கம் உண்டு. 03/04ன்னா நமக்கு ஏப்ரல் 3, ஷீட்டோட லொகேல், அதாவது எந்த நாட்டு வழக்கப்படி தேதிய படிக்கணும்ங்கற செட்டிங், அமெரிக்கான்னு இருந்தா அதுக்கு மார்ச் 4. தேதி 12 தாண்டிட்டா 13வது மாசம்னு ஒண்ணு கெடையாதுல, அதனால அந்த வரிய எல்லாம் தேதியாவே எடுத்துக்காம வெறும் எழுத்தா வச்சுக்கும், பாதி மாசம் ஒரு மாதிரி மீதி மாசம் ஒரு மாதிரி நிக்கும். ஃபைல் மெனுல செட்டிங்ஸ் போயி லொகேல இந்தியான்னு மாத்திட்டு அப்பறமா ஏத்துங்க. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, செல்லுல வலது பக்கம் ஒட்டி நின்னா அது உண்மையான தேதி, இடது பக்கம் ஒட்டி நின்னா எழுத்து. பணத்துக்கும் இதே தான், 1,250ன்னு கண்ணுக்கு தெரிஞ்சாலும் இடது பக்கம் நின்னா கூட்டும்போது ஷீட் அத எடுத்துக்காது, மொத்தம் கம்மியா வரும்.

எல்லாத்தயும் அனுப்ப வேணாம், பேர மட்டும்

இது தான் இந்த முறையோட உயிர், கொஞ்சம் நிதானமா படிங்க.

ஒரு யூபிஐ வரி எப்படி இருக்கும்னா, முதல்ல யூபிஐ, ஒரு சாய்வு கோடு, டிஆர், இன்னொரு கோடு, 12 இலக்க நம்பர், அப்பறம் காசு வாங்குனவர் பேரு, அவரு பேங்க்கோட சுருக்கம், அவரோட யூபிஐ ஐடி. பேங்க்குக்கு பேங்க் வரிசை மாறும், பேர பாதில வெட்டவும் செய்வாங்க, ஆனா உள்ள இருக்கறது ஏறக்குறைய இதே தான். டிஆர்னா நம்ம கணக்குல இருந்து போனது, சிஆர்னா வந்தது. இதுல நமக்கு வேண்டியது அந்தப் பேரு ஒண்ணு தான். டேட்டா மெனுல ஸ்ப்ளிட் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போயி பிரிக்கற குறி சாய்வு கோடுன்னு குடுத்தா ஒவ்வொரு துண்டும் தனித்தனி காலம்ல வந்து உக்காரும். அந்தப் பேரு காலம்ல யுனிக் ஃபங்ஷன் போடுங்க, ஒரே பேரு எத்தன தடவ வந்தாலும் ஒரு தடவ மட்டும் காட்டும். எனக்கு 143 வரி 58 பேரா சுருங்கிடுச்சு, ஏன்னா பால்காரர், காய்கடை, டீக்கடைன்னு அதே ஆளுங்க தானே திரும்பத் திரும்ப வராங்க.

ஏஐக்கு அனுப்ப வேண்டியது இந்த 58 பேரு மட்டும் தான். தேதி வேணாம், பணம் வேணாம், பேலன்ஸ் வேணவே வேணாம். யூபிஐ ஐடில பாதிப் பேருக்கு செல்போன் நம்பரே இருக்கும், அது அடுத்தவங்க நம்பர், அத எங்கயோ கொண்டு போயி ஒட்ட நமக்கு உரிமை இல்லன்னு நான் நெனக்கறேன். ஆஸ்பத்திரி, டாக்டர் பேரு இருந்தா அதயும் எடுத்துட்டு நானே கையால தலைப்பு போட்டுக்குவேன், சொந்தக்காரங்க பேருக்கும் அப்படித்தான். அதோட நீங்க யூஸ் பண்றது சாட்ஜிபிடியோ ஜெமினியோ க்ளாடோ எதுவா இருந்தாலும், உங்க சாட்ட ட்ரெயினிங்க்கு எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு செட்டிங்ஸ்ல வழி இருக்கு, அத ஒரு தடவ பாத்துட்டு ஆரம்பிங்க.

தலைப்ப நீங்க தான் முடிவு பண்ணணும், ஏஐய விட்டா பொழுதுபோக்கு, வாழ்க்கை முறை, இதரன்னு யாருக்கும் உதவாத ஒரு பட்டியல் போடும். எங்க வீட்டு தலைப்பு: மளிகை, காய் பால், வாடகை, கரண்ட் கேஸ் நெட், பெட்ரோல் பஸ் ஆட்டோ, ஸ்கூல், மருந்து, வெளிய சாப்பாடு, துணி சாமான், மொய் விசேஷம், ஊருக்கு அனுப்புனது, இஎம்ஐ, சேமிப்பு சீட்டு. இதோட கடைசியா ரெண்டு கண்டிப்பா வேணும், ஒண்ணு "செலவு இல்ல", இன்னொண்ணு "தெரியல". தெரியலன்னு ஒரு எடம் குடுக்கலன்னா அது எதயாவது ஒண்ண அடிச்சு விடும், அத நீங்க நம்பிடுவீங்க.

நான் கேக்கறது இப்படி, தமிழ்லயே கேக்கறேன், புரிஞ்சுக்குது:

"கீழ இருக்கறது என் பேங்க் ஸ்டேட்மென்ட்ல வந்த பேருங்க, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நம்பர் இருக்கு. நான் குடுத்த தலைப்புல இருந்து மட்டும் ஒண்ணு போடு, புதுசா தலைப்பு உண்டாக்காத. பேர வச்சு உறுதியா சொல்ல முடியலன்னா தெரியலன்னு போடு. நம்பர், பேரு, தலைப்பு மூணயும் டேபிளா குடு. 58 குடுத்திருக்கேன், 58 திரும்பி வரணும்."

எனக்கு வந்தது, 31 சரி, 21 தெரியல, 6 தப்பு. பெட்ரோல் பங்க், மெடிக்கல்ஸ், ரீசார்ஜ், ரயில் டிக்கெட், ஸ்விக்கி இதெல்லாம் டக்குனு பிடிச்சிடுச்சு. தப்பு எல்லாம் ஒரே வகை, ஏஜென்சீஸ்னு முடிஞ்சத சாமான் கடைன்னு போட்டிருந்துச்சு, அது எங்க கேஸ் சிலிண்டர் ஆளு, டிரேடர்ஸ்னு முடிஞ்சத துணின்னு போட்டிருந்துச்சு, அது அரிசிக்கடை. கடை போர்டுல ஒரு பேரு இருக்கும், யூபிஐல ஓனர் பேரோ அவரு பொண்ணு பேரோ வரும், தெருவுல நடந்து போற நமக்குத் தான் அது தெரியும். அந்த 27 பேர நானும் வீட்டுக்காரரும் உக்காந்து சரி பண்ணோம், அர மணி நேரம் ஆச்சு. கீரை விக்கற அம்மா பேரே எனக்கு அன்னிக்குத் தான் தெரிஞ்சுது.

பட்டியல ஷீட்டோட கோக்கறது

சரி பண்ணத "பேர் பட்டியல்"னு தனி டேப்ல ரெண்டு காலம்ல வைங்க, பேரு, தலைப்பு. இனிமே வீலுக்அப், அதாவது பேர பட்டியல்ல தேடி பக்கத்துல இருக்கற தலைப்ப எடுத்துத் தர்ற ஃபார்முலா, போட்டா 143 வரிக்கும் தலைப்பு தானா வந்து விழும். ஃபார்முலா எழுத வராதுன்னா ஏஐ கிட்டயே கேளுங்க, ஆனா டேப் பேரு என்ன, எந்த காலம்ல என்ன இருக்குன்னு தெளிவா சொல்லணும், சொன்னா அப்படியே ஒட்டற மாதிரி குடுத்துடும். குடுத்தத ரெண்டு விஷயத்துக்காக பாருங்க. வீலுக்அப்போட கடைசில ஃபால்ஸ் இல்லன்னா சைபர் இருக்கணும், இல்லன்னா கிட்டத்தட்ட ஒத்துப்போற பேரோட தலைப்ப எடுத்துட்டு வந்துடும். இன்னொண்ணு, பேருக்கு பின்னாடி கண்ணுக்கு தெரியாத ஸ்பேஸ் ஒட்டிட்டு இருக்கும், அதுக்கு டிரிம் ஃபங்ஷனயும் சேத்து எழுதச் சொல்லுங்க.

ஒரே பேரு, ஆனா வேற வேற செலவுன்னு சிலது வரும். அமேசான் ஒரு பேரு தான், அது ஒரு நாள் மிக்ஸி ஜாரு, ஒரு நாள் ஸ்கூல் ஷூ. அதுக்காக "திருத்தம்"னு ஒரு காலி காலம் வைங்க, அதுல ஏதாவது எழுதியிருந்தா அத எடுத்துக்கோ, காலியா இருந்தா பட்டியல்ல இருக்கறத எடுத்துக்கோன்னு ஃபார்முலா கேட்டா குடுக்கும். மாசத்துக்கு ஏழெட்டு வரிக்கு மேல அதுல எழுத வேண்டி வராது.

ஃபைலயே அப்லோட் பண்ணா ஏஐ உள்ளயே கோட் எழுதி கணக்கு போடுமேன்னு கேப்பீங்க. அப்படி பண்ணும்போது கூட்டல் சரியா இருக்கும், உண்மை தான், ஆனா பல நேரம் பிரிக்கறத வெறும் வார்த்தை தேடலா மாத்திடும். எங்க வண்டி லோன் சோழமண்டலம் ஃபைனான்ஸ்ல, அந்த இஎம்ஐ டாக்ஸி தலைப்புல போயி உக்காந்திருந்துச்சு. அர நாள் மண்டய பிச்சுக்கிட்டப்பறம் தான் புரிஞ்சுது, ஓலான்னு தேடுது, இங்கிலீஷ் எழுத்துல சோழாவுக்குள்ள ஓலா இருக்கு.

செலவு மாதிரி தெரியும், செலவு இல்ல

மொத்தம் கண்டபடி எகிறுனா பெரும்பாலும் இங்க தான் காரணம். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டயும் அதே ஷீட்ல ஏத்துறீங்கன்னா, பேங்க்ல இருந்து கார்டு பில் கட்டுன வரி "செலவு இல்ல"ல தான் போகணும், இல்லன்னா அதே துணி ரெண்டு தடவ எண்ணப்படும். ஒரு பேங்க்ல இருந்து நம்மளோட இன்னொரு பேங்க்குக்கு மாத்துனது, எஃப்டி போட்டது, தோழிக்கு கைமாத்தா குடுத்தது எல்லாம் இங்க தான். நகைச்சீட்டு, ஏலச்சீட்டு கட்டறத சேமிப்புல போடுங்க, அது வீட்டுச் செலவுல கலந்தா மளிகைல கைய வச்சு மிச்சம் பிடிக்கத் தோணும், அது தப்பான எடம். யூபிஐ லைட், அதாவது சின்னச் செலவுக்கு ஆப்லயே கொஞ்சம் பணம் ரொப்பி வைக்கற வசதி, வச்சிருக்கீங்கன்னா அதுல ரொப்புன பணம் மட்டும் தான் ஸ்டேட்மென்ட்ல ஒரு வரியா வரும், உள்ள செலவான ஒவ்வொண்ணும் ஆப்ல தான் இருக்கும். வாங்குனத திருப்பிக் குடுத்து பணம் வந்திருந்தா அது வருமானம் கெடையாது, எந்தத் தலைப்புல போச்சோ அதே தலைப்புல கழிக்கணும்.

ஏடிஎம்ல எடுத்த காசு எங்க போச்சுன்னு எந்த ஏஐக்கும் தெரியாது. அதுக்கு நான் ஃபோன் நோட்ஸ்ல குரல்ல சொல்லி வச்சுக்கறேன், "செவ்வா காய் நூத்தியெம்பது ஆட்டோ நூத்திருவது பூ நாப்பது, புதன் கோயில் அம்பது அயர்ன்காரர் தொண்ணூறு"ன்னு. வாரக் கடைசில இத அப்படியே ஒட்டி தேதி, விவரம், தொகை, தலைப்புன்னு டேபிளா மாத்துன்னு சொன்னா அஞ்சு வரி சுத்தமா வரும், செவ்வாய்க்கெழம என்ன தேதின்னு மட்டும் நாம சொல்லிடணும். இந்த வேலய ஏஐ அளவுக்கு வேற எதுவும் செய்யாது, இதுக்காகவே கத்துக்கலாம். ஏடிஎம் வரிய "செலவு இல்ல"ல போட்டுட்டு இந்த வரிய எல்லாம் சேத்துக்குங்க.

சரி பாக்கறது

மூணு பாத்துட்டு தான் மொத்தத்த நம்புவேன். நாம சேத்த ரொக்க வரிய விட்டுட்டு, ஆரம்ப பேலன்ஸோட வந்தத கூட்டி போனத கழிச்சா ஸ்டேட்மென்ட்ல இருக்கற கடைசி பேலன்ஸ் வரணும், ஒரு ரூபா கூட தள்ளக் கூடாது. ஸ்டேட்மென்ட் வரிகளோட கடைசி வரிசை நம்பர், ஒரிஜினல் டேப்ல மேல இருக்கற அட்ரஸ் வரிய எல்லாம் விட்டுட்டு எண்ணுன வரி எண்ணிக்கையோட ஒத்துப் போகணும். அப்பறம் தொகைய பெருசுல இருந்து சிறுசா அடுக்கி மேல இருக்கற 20 வரிய கண்ணால பாக்கணும், ஏன்னா 15 ரூபா டீ தப்பான தலைப்புல போனா ஒண்ணும் ஆகாது, 18,000 ஸ்கூல் ஃபீஸ் போனா அந்த மாசமே பொய்யாயிடும்.

அதுக்கப்பறம் இன்சர்ட் மெனுல பிவட் டேபிள், தலைப்பு வாரியா தானே கூட்டிக் காட்டற டேபிள் அது, வரிசைல தலைப்பு, மதிப்புல தொகை, முடிஞ்சுது. ஆனா ஒரு மாசத்த இன்னொரு மாசத்தோட அப்படியே ஒப்பிடாதீங்க. நம்ம கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, ஸ்கூல் ஃபீஸ் டேர்முக்கு ஒரு தடவ, வண்டி இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவ, முகூர்த்த மாசம் வந்தா மொய் தனியா ஏறும். ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்ட இதே பட்டியல் வச்சு ஓட்டி 12ஆல வகுத்துப் பாருங்க. எங்க வீட்ல மொய் மட்டும் மாசத்துக்கு 1,900 ரூபா வந்துச்சு, இப்ப அதுக்குன்னு மாசாமாசம் தனியா எடுத்து வைக்கறோம்.

அடுத்த மாச ஸ்டேட்மென்ட் வந்ததும் அதே ஷீட்ல கீழ ஒட்டுங்க. பட்டியல்ல ஏற்கெனவே இருக்கற பேருக்கெல்லாம் தலைப்பு தானா வந்துடும், இல்லாதது எர்ரர்னு காட்டும், எனக்கு ரெண்டாவது மாசம் அப்படி 14 பேரு, மூணாவது மாசம் 9. அத மட்டும் எடுத்து திரும்ப அதே கேள்வியோட ஏஐ கிட்ட குடுங்க, வந்தத பாத்துட்டு பட்டியல்ல கீழ சேத்துடுங்க.