மூன்று கவர் போதும்
செலவுக்கெல்லாம் கவர் போட்டுப் பணம் பிரிக்கிறவர்கள் பலர் இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுவார்கள். கவர்கள் அதிகமாகிப்போவதுதான் காரணம். வாடகை, கடன் தவணைக்குக் கவரே வேண்டாம், நேராகக் கட்டிவிடலாம். கை நீளும் இடங்களான மளிகை, வெளிச்சாப்பாடு, சில்லறைச் செலவு ஆகியவற்றுக்கு மட்டும் வையுங்கள். அதையும் வாரத்துக்கு வைப்பது நல்லது. ஆனால் மாதத் தொகையை 4-ஆல் வகுக்காதீர்கள், கடைசி இரண்டு மூன்று நாள் அந்தரத்தில் நிற்கும் (நான் நின்றிருக்கிறேன்). 31-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள். ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் துண்டுச்சீட்டு எழுதிப் போடுங்கள்.

ரொக்கமே தொடுவதில்லையா? சரி, செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, வாரத் தொகையை மட்டும் அதற்கு மாற்றுங்கள். கைப்பேசியில் பணம் கட்டும் செயலியில் அந்த ஒரு கணக்கு மட்டும் இருக்கட்டும்.