குழந்தையின் வளர்ச்சி பிந்துகிறதா? தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியவை

“அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூளை வேகமாக வளர்வது முதல் மூன்று வயதுக்குள்தான். கோளாறின் பெயர் உறுதியாகட்டும் என்று பயிற்சியைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். பரிசோதனையும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கலாம்.

குறைமாதக் குழந்தை என்றால் முதலில் வயதைத் திருத்திக்கொள்ளுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 40 வாரக் கணக்குக்கு 8 வாரம் முந்தி வந்திருக்கிறது. இன்று 8 மாதம் என்றால் வளர்ச்சியை 6 மாதக் குழந்தையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு வயதுவரை இப்படிப் பார்ப்பது வழக்கம். அந்தக் கணக்கிலும் 4 மாதத்தில் கழுத்து நிற்காவிட்டால், 9 மாதத்தில் உட்காராவிட்டால், 12 மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், 18 மாதத்தில் நடக்காவிட்டால், 2 வயதில் “அம்மா வா” என்பதுபோல இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் காட்ட வேண்டும்.

சிலவற்றுக்கு ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது. வந்த பேச்சோ பழகிய செயலோ மறைந்துபோவது, ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டுவது. தூங்கி எழும்போது தலை திடீரென்று குனிந்து கைகால் விறைப்பது அடுத்தடுத்து வந்தால் அது வலிப்பாக இருக்கலாம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு குழந்தையைப் பார்த்து, டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இந்தச் சேவை இலவசம். குழு வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் நேரடியாகவும் கேட்கலாம். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, பழைய ஸ்கேன் எல்லாம் கையில் இருக்கட்டும்.

பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதைப் பரிசோதியுங்கள். பின்னாலிருந்து கைதட்டினால் திரும்புகிறது என்பது போதாது; காற்றசைவுக்கோ நிழலுக்கோ திரும்பியிருக்கலாம், அல்லது சில ஒலிகள் மட்டும் கேட்கலாம். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதிலளிக்கின்றன என்று பார்க்கும் பெரா பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். பஸ்ஸிலேயே தூங்கி எழுந்துவிட்டால் அன்றைய பயணம் வீண். வழியில் விழித்திருக்கச் செய்து, அங்கே போய்ப் பாலூட்டுங்கள். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். காதுக்குள் நீர் கோத்திருந்தால் முடிவு மாறும்.

மையத்தில் கிடைப்பது வாரத்துக்குச் சில மணி நேரம்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய இரண்டு மூன்று பயிற்சிகள் மட்டும் கேளுங்கள். தெரபிஸ்ட் செய்துகாட்டுவதை அனுமதி கேட்டு வீடியோ எடுங்கள். பத்துப் பயிற்சி எழுதி வாங்கினால் ஒன்றுமே நடக்காது. அன்றாட வேலையோடு சேர்த்தால்தான் நிலைக்கும். உதாரணமாக, குழந்தைக்குப் பிடித்த பிஸ்கட்டை மூடிய டப்பாவில் கண்முன் வையுங்கள். பத்து விநாடி பேசாமல் இருங்கள். டப்பாவைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஒரு சத்தம் போட்டாலோ அது கேட்டதாகத்தான் கணக்கு. “பிஸ்கட்” என்று ஒருமுறை சொல்லி உடனே கொடுங்கள். “சொல்லு, சொன்னாத்தான் தருவேன்” என்று பிடித்துவைத்தால் குழந்தை அழுது விலகிவிடும்.

நடை பிந்தினால் சக்கரம் வைத்த வட்ட வாக்கரில் உட்காரவைக்காதீர்கள். நுனிக்காலில் உந்தப் பழக்கும், கவிழ்ந்து அடியும் படும். தரையில் பாய் விரித்து, பிடித்த பொருளைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைப்பதே நல்லது.