பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் இன்றைய செடானையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை இன்றைய ஹோண்டா சிட்டி செடானோடு ஒப்பிட முனைபவர்கள், பெரும்பாலும் குதிரைத்திறனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எம்ஜிபிக்கு 95, சிட்டிக்கு ஏறத்தாழ 120 என்பது உண்மைதான். ஆனால் எம்ஜிபியின் எடை சுமார் 920 கிலோ. சிட்டியோ 1,100 கிலோவைத் தாண்டும். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் 100 கிலோவுக்கு 10 முதல் 11 குதிரைத்திறன்தான் வருகிறது. முறுக்குவிசையை, அதாவது இன்ஜின் சுழற்றும் விசையைப் பார்த்தால் நிலைமை இன்னும் வியப்பானது: எம்ஜிபியின் 1,798 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே சுமார் 149 நியூட்டன் மீட்டரைத் தந்துவிட, சிட்டியின் 1,498 சிசி இன்ஜின் 145-ஐ எட்டவே 4,300 சுற்று தேவைப்படுகிறது. அப்படியிருந்தும் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தொடுவது சிட்டிதான், ஏனெனில் அதன் இன்ஜின் 6,600 சுற்று வரை தளராமல் திறனைக் கூட்டிக்கொண்டே போகும்.

அமெரிக்கக் கார்கள் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். 1972 மாடலுக்கு முன்பு அங்கே விளம்பரப்படுத்தப்பட்டது பெரும்பாலும் ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், முழு சைலன்சர் ஆகியவை இல்லாமல் இன்ஜினை மட்டும் தனியே ஓட்டி அளந்த மொத்தத் திறன்; அவற்றையும் பொருத்தி அளக்கும் இன்றைய நிகரத் திறனுக்கு அருகில் அதை வைப்பது பொருந்தாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, பராமரிப்பற்ற பழைய காரை ஓட்டிவிட்டு அந்த மாடலையே குறை சொல்வது. எம்ஜிபியில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் எஸ்யு கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகிக் கழற்றினால், அதனோடு ஒரு மெல்லிய கம்பி வெளியே வரும். அந்தக் கம்பி இறங்கியிருந்த குழியில் சிறிதளவு எண்ணெய் இருக்க வேண்டும். அது வற்றிப்போனால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் திணறும். சில துளி எண்ணெயில் தீரும் கோளாறு அது. சிட்டியை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் விட்டால் போதும். எம்ஜிபிக்கு அதற்குள் ஒருமுறைக்கு மேல் கிரீஸ் அடிக்க வேண்டியிருக்கும். இந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்தால்தான் செலவு ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

பெயரிலும் குழப்பம் உண்டு. பிரிட்டனில் விண்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை தயாரான கார். இந்தியாவின் 2021 விதிப்படி 50 ஆண்டைக் கடந்த வாகனம்.

பாதுகாப்பில் மட்டும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. 1962 எம்ஜிபியில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் முன்சக்கரங்கள் உருளாமல் வழுக்கும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகவே போகும். காலைச் சற்றுத் தளர்த்தி மறுபடி மிதிக்கும் பழக்கம் கைவரும் வரை, சிட்டியிலிருந்து இறங்கி எம்ஜிபியில் ஏறுபவர் முன்னே செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும்.