காங்கயம் காளைக்குள் தென்னந்தோப்பு: கேமராவிலேயே டபுள் எக்ஸ்போஷர்

ஒரே ஃப்ரேமில் இரண்டு காட்சிகளைப் பதிவதுதான் டபுள் எக்ஸ்போஷர். மருதமலைக்கு ஒரு கிளிக், ரோட்டோரப் புளியமரத்துக்கு ஒரு கிளிக் என்று கண்ணில் பட்டதை அடுக்கினால் படம் மழைக்காலக் குட்டைத் தண்ணீர் மாதிரி கலங்கிப் போகும். முதல் படத்தில் வெள்ளையாக நிரம்பிவிட்ட இடத்தில் இரண்டாவது படம் எடுபடாது. கறுப்பாக இருக்கும் இடத்தில்தான் வந்து உட்காரும். எனவே முதல் ஷாட்டின் வேலையே நல்ல வடிவமுள்ள ஓர் இருட்டைச் செய்து வைப்பதுதான்.

மெனுவில் ‘மல்டிபிள் எக்ஸ்போஷர்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேனான் 80டி, 5டி மார்க் 3 போன்றவற்றில் உண்டு. 1500டி, 200டி போன்ற தொடக்கநிலை மாடல்களில் கிடையாது. நிகானில் டி7500, டி850 போன்றவற்றிலும் ஃபியூஜியின் எக்ஸ்-டி வரிசையிலும் உண்டு. சோனி ஆல்பாக்களில் பெரும்பாலும் இல்லை. கேனான் 5டி மார்க் 3-இல் கலக்கும் முறைக்கு அடிட்டிவ் (இரண்டு படத்தின் வெளிச்சத்தையும் அப்படியே கூட்டுவது), ஆவரேஜ் (சராசரி), பிரைட் (ஒவ்வொரு இடத்திலும் வெளுப்பானதை எடுப்பது), டார்க் (கறுப்பானதை எடுப்பது) என்று நான்கு தேர்வுகள் வரும். பழைய நிகானில் ‘ஆட்டோ கெயின்’ மட்டும் இருக்கும். அதை ஆஃப் செய்தால் அடிட்டிவ், ஆன் செய்தால் ஆவரேஜ்.

நிழலுருவத்துக்குள் இன்னொரு காட்சியை நிரப்ப அடிட்டிவ் அல்லது பிரைட் வையுங்கள். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆவரேஜில் கேமரா ஒவ்வொரு படத்தையும் பாதியாக்கிச் சேர்க்கிறது. வெளுத்த பின்னணி பாதி வெள்ளையாகிவிடும், அதன் மேல் தென்னங்கீற்றும் மங்கலாகத் தெரியும். “வானத்துலயும் இலை வந்துருச்சு” என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டார்க் இதற்கு நேர் எதிர்: உருவம் கறுப்பாகவே நிற்கும், இரண்டாவது காட்சி சுற்றிலும் பின்னணியில் நிரம்பும். பவானி ஜமக்காளத்தின் பட்டைகளுக்கு முன்னால் கன்னங்கரேலென்று ஒரு காளை வேண்டும் என்றால் டார்க்தான்.

கேமராவை மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ 100, ஒயிட் பேலன்ஸ் டேலைட் என்று நிலையாக வையுங்கள். பிளாஷ் வேண்டாம். ரா ஃபார்மேட்டில் (சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். தனித்தனிப் படங்களையும் சேமிக்கும் தேர்வு இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். கேனானில் கார்டில் இருக்கும் ஒரு ரா படத்தையே முதல் எக்ஸ்போஷராக எடுத்துக்கொள்ளலாம். நல்ல நிழலுருவம் ஒன்று சிக்கிவிட்டால் அதன் மேல் பத்து விதமான காட்சிகளைப் போட்டுப் பார்க்க இது உதவும்.

இனி அந்த இருட்டு. ஆளை வெட்டவெளியில் நிறுத்தி வானத்தை வெளுக்கவிட்டால் முகமும் சேர்ந்து வெளுக்கும். உங்கள் பின்பக்கத்து வானம் அவர் முகத்துக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டே இருக்கிறதே! அதனால் தோட்டத்துச் சாளைக்குள் (தோட்டத்து வீடு) நீங்கள் நின்றுகொண்டு, ஆளை வாசற்படியில் பக்கவாட்டாக நிறுத்துங்கள். உள்ளே இருட்டு, வெளியே வெயில். வெளியே கொடிக்கயிற்றில் எட்டு முழ வேட்டியை ஒற்றையாக விரித்து, வெயில் அதன் பின்னாலிருந்து விழும்படி தொங்கவிடுங்கள். கரை ஃப்ரேமுக்குள் வரக்கூடாது. வந்தால் கன்னத்தை ஒட்டிப் பச்சைக் கோடு ஒன்று நிற்கும். ஆடிக் காற்று துணியைத் தூக்கி அடிக்கும், கீழ் ஓரத்தில் கல்லைக் கட்டிவிடுங்கள். ஆடியில் ஒரு வசதியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகம் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் வானத்தை மூடி வெள்ளைத் திரையாக்கிவிடும். நீல வானத்தை வெளுக்கவிடும்போது ஒரு நீலச் சாயல் எளிதில் மிஞ்சிவிடும். மேக வானத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வேட்டியில் வைத்து அளந்து, அதற்கு மேல் இரண்டரை முதல் மூன்று ஸ்டாப் கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு. மீட்டர் எஃப் 8-இல் 1/500 காட்டினால் 1/60-க்கு வாருங்கள். ஹைலைட் எச்சரிக்கையை (முழுக்க வெளுத்த இடத்தைத் திரையில் மின்னிக் காட்டும் வசதி) ஆன் செய்து பாருங்கள். பின்னணி முழுக்க மின்ன வேண்டும், முகத்தில் ஒரு புள்ளிகூட மின்னக்கூடாது. முகத்தில் கண்ணும் கன்னமும் தெரிந்தால் இருட்டு போதவில்லை. ஆளை இன்னும் ஓரடி உள்ளே இழுங்கள், உங்கள் பின்பக்க ஜன்னலைச் சாத்துங்கள். நம் பக்கம் வெள்ளைச் சட்டை அதிகம். அது நிழலிலும் சாம்பல் நிறமாகத் தெரிந்து உருவத்தைக் கெடுக்கும். அடர்நிறச் சட்டையோ கறுப்புத் துண்டோ போடச் சொல்லுங்கள். மூக்கு, உதடு, தாடை மூன்றும் தனித்தனியாகத் தெரிய முகம் முழுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

காளை என்றால் கட்டுத்தறி (மாட்டுக் கொட்டகை) வாசல். காங்கயம் மாட்டில் பசு வெளுப்பு. பொலிகாளைக்குத்தான் தலையும் திமிலும் கருத்திருக்கும், இந்த வேலைக்கு அதுவே தோது. “ஏனுங்ணா, மூஞ்சியக் கொஞ்சம் கெழக்கால திருப்பிப் புடிங்க” என்று மாட்டுக்காரரிடம் கேட்டால் பிடித்துக் காட்டுவார். திமிலின் வளைவும் இரண்டு கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெரிகிற நொடியில் அழுத்துங்கள். மூக்கணாங்கயிறு பிடித்த கை ஃப்ரேமுக்கு வெளியே இருக்கட்டும்.

இரண்டாவது ஷாட்டை லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) எடுங்கள். அந்த வசதியுள்ள மாடல்களில் முதல் படம் மங்கலாக மேலே தெரியும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, கோபிப் பக்கத்து நெல்வயல், மஞ்சள் காடு எதுவானாலும் சரி, உருவத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிய வடிவங்களாகப் பாருங்கள். ஒற்றைக் கீற்று தலைக்குள் வந்தால் அது தென்னை என்றே தெரியாது. இருபது மரம் தள்ளி நின்று எடுங்கள். உருவம் நன்றாகக் கறுத்திருந்தால் எக்ஸ்போஷரை மீட்டர் சொல்கிறபடியோ ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தோ வைத்தால் போதும். இரண்டு படத்துக்கும் தலா ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும் என்ற விதி, இரண்டுமே சாதாரண வெளிச்சக் காட்சிகளாக இருக்கும்போதுதான். அப்போது மூன்று படம் சேர்த்தால் ஒன்றரை ஸ்டாப், நான்கு என்றால் இரண்டு ஸ்டாப் குறையுங்கள்.

கீற்றுகளுக்கு இடையில் தெரியும் வானமும் வெள்ளைதான். அது உருவத்தின் விளிம்பில் விழுந்தால் விளிம்பு பின்னணியோடு கரைந்துவிடும். உச்சந்தலையில் கரைவது அழகு. மூக்கில் கரைந்தால் மூக்கே இருக்காது. அடர்ந்த பகுதியை முகத்தோரத்துக்கும் வானத்தை உச்சிக்கும் தள்ளுங்கள். தேவைப்பட்டால் கேமராவைத் தலைகீழாகப் பிடியுங்கள்.

இரண்டு ஷாட்டுக்கும் நடுவே அதிக நேரம் விட்டால் சில கேமராக்கள், குறிப்பாக நிகான், எடுத்த வரைக்கும் போதும் என்று தானே முடித்துவிடும். ஸ்டாண்ட்பை நேரத்தைக் கூட்டி வையுங்கள். கேனானில் பவரை ஆஃப் செய்தாலோ பேட்டரி மாற்றினாலோ ரத்தாகும்.

நிலவுக்கும் இதே முறைதான். சிவன்மலைக் கோயிலுக்கு மேல் பெரிய நிலவு வேண்டும் என்றால், முதலில் 200 மி.மீ.-இல் நிலவை மட்டும் எடுங்கள்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/200. சென்சாரில் அதன் குறுக்களவு சுமார் 1.8 மி.மீ.; ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் ஃப்ரேம் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. அதைக் கட்டக்கோடுகளின் ஒரு சந்திப்பில் வைத்து, அந்த இடத்தை நினைவில் வையுங்கள். பிறகு 35 மி.மீ.-இல் மலை, முறை அடிட்டிவ் அல்லது பிரைட். வானம் நன்றாக இருட்டிய பிறகே எடுக்க வேண்டும். சூரியன் மறைந்த செவ்வானத்தில் முழு நிலவை வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். பௌர்ணமி நிலவு அந்நேரம் கிழக்கில் இருக்கும்.

மெனுவில் வசதியே இல்லாத கேமராவா? இரவில் அறையை முழுக்க இருட்டாக்கி, ஆளுக்குப் பின்னால் கறுப்புப் போர்வை கட்டுங்கள். டிரைபாட், ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 15 வினாடி. ஃபோகஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு விளக்கை அணையுங்கள். ஷட்டர் திறந்ததும் கையில் பிடித்த பிளாஷை 1/8 பவரில் பக்கவாட்டிலிருந்து ஒருமுறை அடியுங்கள். ஆள் முகத்தைத் திருப்பி அசையாமல் நின்றதும் இன்னொரு முறை. போர்வை மேல் பிளாஷ் பட்டால் அதன் சுருக்கமெல்லாம் தெரியும்; ஆளுக்கும் போர்வைக்கும் ஆறடியாவது இடைவெளி விடுங்கள்.