மேலாளர் கேட்பதற்கு முன்

மாலையில் இருக்கையை விட்டு எழும் முன் ஒரு நோட்டில் 3 வரி எழுதுங்கள்: முடித்தது, பாதியில் நிற்பது, யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்பது. மூன்றாவது வரியில் கோட்டை விட்டால்தான் பெயர் கெடுகிறது.

தாமதமாகும் என்று தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள். ஒருமுறை கணக்கு அறிக்கையை வெள்ளிக்கிழமை தருவதாக ஒப்புக்கொண்டேன். புதன்கிழமையே ஒரு பிரிவின் எண்கள் வரவில்லை. எப்படியும் வந்துவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். வெள்ளி மாலைக் கூட்டத்தில் சக ஊழியர் ஒருவர் என்னால் வெறுங்கையோடு நின்றார். அவருடைய முகம் இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. இப்போதெல்லாம் இப்படி எழுதி அனுப்புகிறேன்: "மூன்று பிரிவுகள் தயார். நான்காவதற்கு எண்கள் வரவில்லை. திங்கள் காலை 11 மணிக்குள் தருகிறேன். அதுவரை இந்த வரைவு உதவும்." மன்னிப்புக்கு ஒரு வரி போதும், புதிய நேரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

யாராவது குறை சொன்னால் உடனே விளக்கம் கொடுக்காதீர்கள். குறித்துக்கொண்டு, "எந்த இடத்தில்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆண்டு மதிப்பீட்டுக்கு அந்த நோட்டையே எடுத்துச் செல்லுங்கள். நினைவிலிருந்து பேசினால் கடைசி இரண்டு மாத வேலைதான் வாயில் வரும்.