பொழுதுபோக்கை வைத்து இன்ஜினியரைக் கணிப்பதில் உள்ள தவறுகள்

ரேடியோவைக் கழற்றிப் பார்த்த பிள்ளைதான் நல்ல இன்ஜினியர் ஆகும் என்ற நம்பிக்கை பெற்றோரிடமும் உண்டு, ஆள் எடுப்பவர்களிடமும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பள்ளியில் படிக்கும்போதே பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியவர் என்பது உண்மைதான். ஆனால் அதே வயதில் ரேடியோ கட்டிவிட்டு வேறு துறைக்குப் போனவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்க்ரூடிரைவரையே தொடாமல் வளர்ந்து நல்ல இன்ஜினியர் ஆனவர்களும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, கிடைத்த வாய்ப்பைத் திறமை என்று எடுத்துக்கொள்வது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த பிள்ளை சின்ன வயதிலேயே புரோகிராம் எழுதிப் பழகும். இல்லாத பிள்ளை கல்லூரிக்கு வந்துதான் தொடங்கும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990-களின் பிற்பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். முன்பே புரோகிராமிங் தெரிந்திருப்பதை வைத்து, கடைசியில் யார் தேறுவார்கள் என்று சொல்ல முடியவில்லை. சேர்க்கையில் அந்த அனுபவத்துக்கு இருந்த மதிப்பைக் குறைத்தார்கள், தொடக்கப் பாடங்களையும் மாற்றினார்கள். 1995-ல் கணினி அறிவியலில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம், 2000-ல் 42 சதவீதம். அதற்கு முன் எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, நம்மைப் போலவே இருப்பவரைத் தேடுவது. 1966-ல் கேனன், பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் புரோகிராமர்களின் விருப்பங்களை ஆராய்ந்து, இவர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்கள் மேல் அவ்வளவு நாட்டமில்லை என்று சொன்னார்கள். அதை அளவுகோலாக வைத்தால் அப்படிப்பட்டவர்களே உள்ளே வருவார்கள். அப்புறம் அவர்களையே சாட்சியாகக் காட்டுவோம்.

அதற்காக ஆர்வத்துக்கு மதிப்பே இல்லை என்பதும் தவறு. வேலைத்திறனை எது முன்கூட்டிக் காட்டுகிறது என்று ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-ல் தொகுத்த கணக்கில், முழுப் பொருத்தம் 1 என்றால் விருப்பங்களுக்கு 0.10, மாதிரி வேலை கொடுத்துப் பார்ப்பதற்கு 0.54. பின்னால் வந்த மறுஆய்வு இந்த இடைவெளியைக் குறைத்தது, ஆனாலும் மாதிரி வேலையே முன்னால் நிற்கிறது.

சரி, இன்டர்வியூவில் ஒருவர் ரோபோ செய்வேன் என்கிறார், இன்னொருவர் தையல் என்கிறார். தரையில் வரைந்த கோட்டின் மேல் போக வேண்டிய ரோபோ வளைவில் விலகியபோது முதலில் எதைச் சோதித்தீர்கள், சென்சாரையா மோட்டார் வேகத்தையா என்று கேளுங்கள். கை தூக்கும்போது சட்டை இறுக்கிப் பிடித்தால் தப்பு எந்த அளவில் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மற்றவரிடம் கேளுங்கள். அப்புறம் இருவருக்கும் பிழையுள்ள ஒரே சர்க்யூட்டைக் கொடுத்து, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.