அடுத்தவர் கொல்லைப்புறத்தில் ஒன்பது குழி

கோல்ஃப் ஆடப் போகிறேன் என்று ஊரில் சொன்னால், “அது பணக்காரர்கள் ஆட்டமாயிற்றே” என்கிறார்கள். தபால் துறைக் கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அமெரிக்காவில், அரிசோனாவின் சன் சிட்டியில் இதைக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளைப் பார்க்க ஃபீனிக்ஸ் பக்கம் வருகிறவர்கள், பகல் முழுவதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு காலைப் பொழுதை இங்கே கழிக்கலாம்.

சன் சிட்டி 1960 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட ஓய்வுக்கால ஊர். கட்டியவர் டெல் வெப். 55 வயதைத் தாண்டியவர்களுக்கான குடியிருப்பு; தெருக்கள் வட்டம் வட்டமாகச் சுற்றுவதால் முதல் நாள் வழி தவறாதவர் குறைவு. குடியிருப்பாளர்களின் சங்கமே கோல்ஃப் மைதானங்களை நடத்துகிறது. உறுப்பினர்களுக்குக் கட்டணம் குறைவு, நம்மைப் போன்ற வெளியாட்களுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். முதல் முறை போகிறவர் பதினெட்டுக் குழிகளுக்கு ஆசைப்பட வேண்டாம். க்வெயில் ரன் என்ற ஒன்பது குழி மைதானம் போதும். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கட்டணம் பருவத்தைப் பொறுத்தது. குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து ஆட்கள் வந்து குவியும் ஜனவரி முதல் மார்ச் வரை விலையும் அதிகம், ஆட நேரம் கிடைப்பதும் கடினம். கோடையில் விலை இறங்கும். ஆனால் வெப்பம் நாற்பது டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆகவே கோடையில் விடிந்தவுடன் கிடைக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஊரில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளும் வழக்கம் இல்லை. ஜூன் மாதத்தில் ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம். தண்ணீரை ஃபிரிட்ஜில் உறைய வைத்து எடுத்துச் செல்லுங்கள், நாலாவது குழிக்குள் உருகிவிடும்.

பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. எனக்கு ஐந்து போதும்: தூர அடிக்கு ஒரு ஹைப்ரிட், நடுத்தர அடிக்கு ஏழாம் எண் அயர்ன், ஒன்பதாம் எண், கிட்டத்து அடிக்கு ஒரு வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்ட ஒரு பட்டர். பந்துகளைப் புதிதாக வாங்காதீர்கள். பழைய பந்துகளைக் கழுவி மலிவாக விற்பார்கள். எப்படியும் பாதி தொலையத்தான் போகிறது. காலர் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போனால் உங்களை மூவரோடு சேர்த்துவிடுவார்கள். கூச்சப்பட வேண்டாம். எண்பது வயதுக்காரர் கையை நீட்டித் தன் பெயரை மட்டும் சொல்வார். அந்த வயதில் உள்ளவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. “சார்” என்றே சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு, தான் எந்தப் பக்கம் அடிக்கப்போவதில்லை என்பதை மட்டையால் சுட்டிக் காட்டினார். அது ஏன் என்று அடுத்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது.

இங்கே ஃபேர்வேயின், அதாவது குழியை நோக்கிப் போகும் புல்வெளிப் பாதையின் ஓரத்தில் மரங்களுக்கு அடுத்தபடியாக வீடுகள். புல்லுக்குப் பதில் பச்சைச் சாயம் பூசிய சரளைக்கல் முற்றம், துணி நாற்காலி, காப்பிக் கோப்பையோடு ஒரு பாட்டி. நான் முழுப் பலத்தோடு வீசிய முதல் அடி வலப்பக்கம் வளைந்து போய், கூரைமேல் இருந்த ஏசி பெட்டியில் ‘டங்’ என்று மோதியது. பாட்டி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. அன்றிலிருந்து முக்கால் வீச்சுக்கு மேல் போவதில்லை. தூரம் பாதியானாலும் பந்து புல்லில் விழுகிறது.

பந்து ஆட்கள் இருக்கும் பக்கம் திரும்பினால் உடனே “ஃபோர்!” என்று தொண்டை கிழியக் கத்துங்கள்; ‘பந்து வருகிறது, ஜாக்கிரதை’ என்பதற்கு கோல்ஃபில் அதுதான் சொல். அங்கே மரியாதை பார்க்கக் கூடாது. வெள்ளைக் கம்புகளைத் தாண்டிவிட்டால் அது எல்லைக்கு வெளியே. முற்றத்துக்குள் போய்த் தேடாதீர்கள், அது அவர்கள் வீடு. முறைப்படி ஒரு தண்டனை அடி சேர்த்து, அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். நேரம் போகாமலிருக்க, இரண்டு தண்டனை அடிகளைக் கூட்டிக்கொண்டு ஃபேர்வே ஓரத்தில் பந்தைப் போட அனுமதிக்கும் உள்ளூர் விதியும் உண்டு. ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். 2019க்கு முன் ஐந்தாக இருந்தது.

மோசமாக ஆடினால் யாரும் கோபிப்பதில்லை, மெதுவாக ஆடினால்தான் முகம் சுளிக்கிறார்கள். தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம். பத்து அடித்தும் குழி எட்டவில்லையா, பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடங்கள். முன்னே போகும் கூட்டத்தை ஒட்டியே செல்லுங்கள்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். அங்கே பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. உயரத்திலிருந்து விழுந்த பந்து சின்னப் பள்ளம் பண்ணியிருக்கும். இரண்டு பல் உள்ள சிறு கருவியைப் பள்ளத்தின் நடுவில் குத்தி நெம்பினால் வேர் அறுந்துவிடும். விளிம்பில் சாய்வாகக் குத்தி, நாலா பக்கமிருந்தும் புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். பிறகு பட்டரின் அடிப்பாகத்தால் தட்டிச் சமன் செய்யுங்கள். பத்து விநாடி வேலை. மணல் குழியில் இறங்கினால் வெளியே வரும்போது கால்தடத்தை வாரியால் அழித்துவிடுங்கள். கிரீனில் குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பைப் பிடுங்காமலே பந்தை உருட்டலாம், விதி மாறி வெகு நாளாயிற்று.

பந்து புதருக்குள் போனால் கையை விடாதீர்கள். கோடையில் சாரைப்பாம்பு மாதிரி விஷமற்றவை மட்டும் திரிவதில்லை, வாலில் கிலுகிலுப்பை கட்டியவையும் உண்டு. இடிச் சத்தம் கேட்டால் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிடத்துக்குள் போய்விடுங்கள்.

அக்டோபர் வாக்கில் போவதானால் முன்கூட்டியே ஃபோன் செய்யுங்கள். வெயில்காலப் புல் வாடும் நேரத்தில் அதன்மேல் குளிர்காலத்துக்கான ரை புல்லை விதைப்பார்கள். அதற்காகச் சில வாரம் மைதானத்தை மூடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நான் கேட்காமல் போய், பூட்டிய கதவுக்கு வெளியே மட்டைப் பையோடு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீர் தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. காடைக் கூட்டம் ஒன்று விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.